மாடியில் இருப்பதை உடையுங்கள், கீழே இருப்பதை விட்டுவிடுங்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"எங்கள் வீடு 1997-ல் கட்டியது. மாடியில் ஒரு பாத்ரூம், கீழே ஒன்று. மாடியில் இருப்பதை 2012-ல் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிப் புதுப்பித்தோம். இன்றைக்கும் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் அதற்கு நேர்கீழே, சாப்பிடும் அறையின் சீலிங்கில் மூன்று வருடமாக ஓதம். இரண்டு தடவை பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தாயிற்று. டைல்ஸ் இடுக்கில் ஒருவர் ஏதோ கெமிக்கல் ஊற்றி எட்டாயிரம் ரூபாய் வாங்கிப் போனார். மூன்று மாதம் நின்றது, திரும்ப வந்துவிட்டது. ஐப்பசி மழையில் இன்னும் அதிகம். குளிக்கிற இடத்தில் ஒரு டைல்ஸ் மேல் கால் வைத்தால் ஓரத்தில் தண்ணீர் கொப்பளிக்கிறது.

கீழ் பாத்ரூம் வெள்ளை டைல்ஸும் மொசைக் தரையுமாகப் பழசாய்க் கிடக்கிறது. இந்தியன் கிளாசெட். 78 வயது மாமியாருக்கு முட்டிவலி, உட்கார்ந்து எழ முடியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன், 'ரெண்டையும் மொத்தமா உடைச்சுப் புதுசா பண்ணிடலாம், தீபாவளிக்கு வரும்போது ஆரம்பிக்கலாம்' என்று படம் படமாக அனுப்புகிறான். இவரோ, 'நல்லா இருக்கறதை ஏன் உடைக்கணும், இடுக்குல வெள்ளை சிமெண்ட் வெச்சாப் போதும்' என்கிறார். மேஸ்திரி கொடுத்த கொட்டேஷன், மகன் அனுப்பிய படங்கள், பாத்ரூம் அளவுகள் எல்லாம் இணைத்திருக்கிறேன். நாங்கள் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள அம்மா,

மகன் சொல்வதில் பாதி சரி, வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. பளிச்சென்று இருக்கும் மாடி பாத்ரூமைத்தான் கான்கிரீட் தளம் தெரிகிற வரை உடைக்க வேண்டிவரும் என்று நினைக்கிறேன். பழசாய்க் கிடக்கிறது என்று நீங்கள் சலித்துக்கொள்ளும் கீழ் பாத்ரூமில் கிளாசெட்டை மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விடலாம்.

முதலில் மாடியைப் பார்ப்போம். மாடி பாத்ரூமின் கான்கிரீட் தளத்தை மற்ற அறைகளைவிட முக்கால் அடி, ஒரு அடி இறக்கித்தான் போட்டிருப்பார்கள். கழிவுக் குழாய்கள் அந்தப் பள்ளத்துக்குள்தான் ஓடும். மேஸ்திரிகள் இதை 'சன்கன்' என்பார்கள். உங்கள் வீடு கட்டிய காலத்தில் அந்தப் பள்ளத்தில் உடைந்த செங்கல்லையும் ரப்பிஷையும் கொட்டி நிரப்பி, மேலே ஒரு கலவை போட்டு, டைல்ஸ் பதிப்பதுதான் வழக்கம். டைல்ஸ் இடுக்கு வழியாகவும், தரைத் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப்பின் விளிம்பு வழியாகவும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் தண்ணீர் அந்தச் செங்கல் ஜல்லியில் ஊறிக்கொண்டே இருக்கும். காலப்போக்கில் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு சிறிய குளம் தேங்கிவிடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போய் ஒரு வாரம் கழித்து வந்தாலும் சீலிங் ஈரமாகவே இருப்பது அதனால்தான்.

கால் வைத்தால் ஓரத்தில் கொப்பளிக்கிறது என்று எழுதினீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். 2012-ல் ஒட்டிய டைல்ஸுக்கு அடியில் இருப்பது பழைய வழவழப்பான டைல்ஸ். ஒட்டிய பசை எங்கே பிடிப்பு விட்டதோ, அங்கே இரண்டு அடுக்குக்கும் நடுவில் தண்ணீர் போய்ப் படுத்துக்கொள்கிறது. நீங்கள் மிதிக்கும்போது அது இடுக்கு வழியே எட்டிப் பார்க்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அந்த டைல்ஸிலிருந்து தொடங்கி நாலு பக்கமும் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாக இருக்கும் இடத்தில் சத்தம் சுருக்கென்று அடங்கிவிடும். பிடிப்பு விட்ட இடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோல 'டொங்'கென்று கேட்கும். அப்படிக் கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுங்கள். ஒன்றிரண்டு டைல்ஸ் என்றால் பெயர்த்து ஒட்டிக்கொள்ளலாம். குளிக்கும் பக்கம் முழுக்க அப்படிக் கேட்டால் ஒட்டுவேலைக்கு வழியில்லை.

கெமிக்கல் ஊற்றியவர் உங்களை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அந்தத் திரவம் இடுக்கில் இருக்கும் மயிரிழை வெடிப்பை அடைக்கும். ஆனால் அடியில் கெட்டியாக இல்லாமல் மிதிக்கும்போதெல்லாம் அசைகிற டைல்ஸில் அந்த அடைப்பு எத்தனை நாள் நிற்கும்? உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் வெள்ளை சிமெண்டுக்கும் இதே கதிதான். அதோடு இரண்டுமே ஏற்கெனவே உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியே எடுப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், நாளைக்கே சுத்தியலை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் 'ஐப்பசி மழையில் இன்னும் அதிகம்' என்ற வரி. குளியலறைத் தண்ணீருக்கு ஐப்பசியும் தெரியாது, பங்குனியும் தெரியாது. மழையில் ஓதம் கூடுகிறதென்றால் வெளியிலிருந்தும் தண்ணீர் வருகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இந்த இடத்தில் நான் ஒரு முறை சூடுபட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் தஞ்சாவூரில் ஒரு வீடு. இதே மாதிரி சீலிங் ஓதம். மேலே போய்ப் பார்த்தேன், டைல்ஸ் இடுக்கெல்லாம் போயிருந்தது, உடைக்கச் சொல்லிவிட்டேன். புது பாத்ரூம் பிரமாதமாக வந்தது. அடுத்த மழையில் சீலிங்கில் அதே இடத்தில் அதே ஓதம். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் ஒரு ஜாயின்ட் விட்டுப்போய், சுவர் வழியாகத் தளத்துக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு ஒரு கிளாம்ப், ஒரு சாக்கெட், ஒரு ஆள் கூலி. அந்த வீட்டுப் பெரியவர் என்னைத் திட்டவில்லை, காபி கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆகவே சாப்பிடும் அறையில் ஸ்டூல் போட்டு ஏறி, ஓதத்தின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மாடி பாத்ரூமைப் பூட்டிவிடுங்கள். பத்து நாள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அங்கே புழங்கக் கூடாது. மூன்று நாள் போதாது, செங்கல் ஜல்லி குடித்த தண்ணீர் வடியவே ஒரு வாரம் ஆகும். இந்தப் பத்து நாளும் அந்த பாத்ரூமுக்கு வரும் தண்ணீரின் கேட் வால்வு திறந்தே இருக்கட்டும். பத்தாம் நாள் இன்னொரு கோடு போடுங்கள். ஓதம் சுருங்கியிருந்தால் குற்றவாளி தரையோ கழிவுக் குழாயோதான்.

சுருங்காமல் அப்படியே இருந்தால் வால்வை மூடிவிட்டு இன்னும் ஒரு வாரம் பாருங்கள். இப்போது சுருங்கினால் சுவருக்குள் போகும் நல்ல தண்ணீர்க் குழாயில் ஓட்டை இருக்கிறது. 1997-ல் கட்டிய வீட்டில் சுவருக்குள் ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அது உள்ளிருந்தே துருவேறும். பாத்ரூமைப் பூட்டுவதற்கு முந்தைய நாள் காலையில் முதன்முதலாகக் குழாயைத் திறக்கும்போது வெள்ளை பக்கெட்டில் பிடித்துப் பாருங்கள். பழுப்பாக வந்தால் குழாயின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

வால்வை மூடியும் கோடு நகரவில்லை என்றால் வெளியே போங்கள். பாத்ரூமின் வெளிச்சுவரிலும் மழைநீர்க் குழாயின் ஜாயின்ட்களிலும் ஹோஸ் பைப்பால் அரைமணி நேரம் தண்ணீர் பீய்ச்சுங்கள். ஓதம் மறுநாள் கூடினால் வேலை வெளியே இருக்கிறது. சுருங்கியிருந்தாலும் இந்த ஹோஸ் சோதனையை ஒரு முறை செய்துவிடுவது நல்லது. இரண்டு இடத்திலிருந்தும் தண்ணீர் வருகிற வீடுகளும் உண்டு. உங்கள் வீடு அந்த ரகம் என்பது என் ஊகம்.

வழக்கமாகத் தரைக்கென்று ஒரு சோதனை சொல்வேன். ட்ராப்பைத் துணியால் அடைத்து, வாசலில் களிமண்ணால் வரப்பு கட்டி, தரையில் ஒரு இஞ்ச் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திப் பார்ப்பது. உங்களுக்கு அது வேண்டாம். உங்கள் தரை ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்துவிட்டது. கிளாசெட்டை மட்டும் சோதிக்கலாம். பூட்டிய நாள்கள் முடிந்ததும், தரை நனையாமல் கிளாசெட்டில் மட்டும் கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரை இரண்டு பக்கெட் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் சீலிங்கில் சிவப்பு தெரிந்தால் கிளாசெட் குழாயின் இணைப்பும் விட்டிருக்கிறது. தெரியாவிட்டால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஜல்லி பல நேரம் நிறத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

நான் மிகவும் கவலைப்படுவது சீலிங்கைப் பற்றித்தான். இரண்டு தடவை பட்டி வைத்ததால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. ஓதம் இருக்கும் இடத்தில் பூச்சை ஒரு அடி சதுரத்துக்குக் கொத்திவிட்டுக் கான்கிரீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாக உப்பு மட்டும் பூத்திருந்தால் பெரிதாகப் பயமில்லை. கம்பி ஓடும் திசையில் நேர்கோடாக வெடிப்போ பழுப்புக் கறையோ தெரிந்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடம் தேடி அது அடியில் இருக்கும் கான்கிரீட்டை நெம்பித் தள்ளும். ஒரு நாள் சாப்பாட்டு மேசை மேல் அது பாளமாக விழும். அப்படி ஏதாவது தெரிந்தால் மேஸ்திரியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதுவரை மேசையை நகர்த்திப் போடுங்கள். கம்பி வெளியே தெரிந்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. அந்த பாத்ரூமை மூடியே வையுங்கள்.

பாதியை மட்டும் உடைத்தால் போதாதா என்று வீட்டுக்காரர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்விதான். குழாய் சொட்டுகிறது, ஃப்ளஷ் டேங்க் நிற்காமல் ஓடுகிறது, கிளாசெட் அடியில் ஓரம் விட்டிருக்கிறது, நாற்றம் வருகிறது என்றெல்லாம் வந்தால் நானே உடைக்க வேண்டாம் என்பேன். நாற்றம் என்றால் பெரும்பாலும் ட்ராப்பில் தண்ணீர் நிற்கவில்லை என்றுதான் பொருள். சில சமயம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாலே சரியாகிவிடும். ஆனால் வாட்டர் புரூஃபிங் என்பது ஒரு தொட்டி மாதிரி. தரை முழுக்கப் பரவி, நாலு சுவரிலும் ஒரு அடி ஏறி, குளிக்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு மேலே போக வேண்டும். பாதித் தொட்டி என்று ஒன்று கிடையாது. சுவருக்குள் குழாயும் மாற்ற வேண்டியிருந்தால், சுவர் டைல்ஸும் எப்படியும் போய்விடும்.

உடைப்பது என்று முடிவானால் நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டிய கட்டங்கள் மூன்று. உள்ளே இருக்கும் செங்கல், ரப்பிஷ் அத்தனையும் வெளியேறி, கான்கிரீட் தளத்தைத் துடைப்பத்தால் பெருக்கிய நிலையில் ஒரு தடவை பாருங்கள். 'கொஞ்சம் ஜல்லி கெடக்கட்டும்மா, நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். கிடக்கக் கூடாது. அடுத்தது, தளத்தைத் துளைத்துக்கொண்டு குழாய் இறங்கும் இடம். நான் பார்த்த மாடி பாத்ரூம் கசிவுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான். குழாயைச் சுற்றிச் சாதாரணக் கலவையை அப்பிவிட்டால் அது காயும்போது சுருங்கி, நகக்கண் நுழைகிற அளவுக்கு இடைவெளி விடும். சுருங்காத கலவை வைத்து அடைக்கச் சொல்லுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலைகளிலும் கலவையை வளைவாகப் பூசிவிட்டுத்தான் வாட்டர் புரூஃபிங் அடிக்க வேண்டும். கூர்மையான மூலையில் கோட்டிங் கிழிந்துவிடும். மூன்றாவது, கோட்டிங் காய்ந்த பிறகு அந்தப் பள்ளத்தில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்தி, கீழே வந்து சீலிங்கைப் பார்ப்பது. இந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்காத மேஸ்திரி கிடைத்தால் விடாதீர்கள். இதில் தேறிய பிறகுதான் நிரப்புவது, மேல் கோட்டிங், டைல்ஸ் எல்லாம். பழைய ரப்பிஷையே திரும்பக் கொட்ட விடாதீர்கள், தளத்துக்கு வீண் பாரம். எடை குறைந்த கல்லாகப் போடச் சொல்லுங்கள்.

தண்ணீர் ஓடுவதற்கான தரையின் வாட்டம் அடிக்குக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு இஞ்ச் இருக்க வேண்டும். உங்கள் ஏழடி பாத்ரூமில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முக்கால், ஒரு இஞ்ச் இறக்கம் வரும். டைல்ஸ் பதித்த அன்றே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ரசமட்டத்தைவிடத் தண்ணீர் உண்மை பேசும். வெந்நீர் வரும் குழாய், சூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி.யாக இருக்கட்டும். சுவரைப் பூசுவதற்கு முன் குழாயில் பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். கீசர் லைனுக்கு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். இல்லையென்றால் இந்த வேலையோடு போட்டுவிடுங்கள்.

மகன் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. சுவரில் தொங்கும் கிளாசெட்டுக்கு டேங்கைச் சுவருக்குள் ஒளிக்க வேண்டும். உங்கள் பாத்ரூம் சுவர் நாலரை இஞ்ச். அதைக் குடைய முடியாது. முன்னால் இன்னொரு சின்னச் சுவர் எழுப்பினால் ஐந்தடி அகலத்தில் அரை அடிக்கு மேல் போய்விடும். கண்ணாடித் தடுப்பும் வேண்டாம். போர் தண்ணீர் பட்டு மூன்றே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும், தினம் துடைக்கப் போவது சிங்கப்பூரில் இருப்பவர் அல்ல.

இப்போது கீழ் பாத்ரூம். அது தரையில், மண் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே சீலிங் கிடையாது. கொஞ்சம் கசிந்தாலும் மண்ணுக்குள்தான் போகும். அதற்கு அடையாளம் சுவரின் மறுபக்கத்தில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஏறும் ஓதம். அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. போய்ப் பாருங்கள், காய்ந்திருந்தால் அந்த வெள்ளை டைல்ஸையும் மொசைக்கையும் தொடாதீர்கள். அந்தக் காலத்து மொசைக் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஈரத்தில் வழுக்கும்.

இந்தியன் கிளாசெட் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி வெஸ்டர்ன் வைக்கலாம். கடைக்குப் போவதற்கு முன், பழைய கிளாசெட்டை எடுத்ததும் பின்சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடுப்புள்ளி எத்தனை இஞ்ச் என்று பிளம்பரை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். கிளாசெட்டை வாங்கி வந்துவிட்டு அதற்காகக் குழாயை நகர்த்தும் வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். சீட் உயரம் 18 இஞ்ச் வருகிற மாதிரி பாருங்கள், முட்டிவலிக்கு அந்தக் கூடுதல் உயரம் பெரிய உதவி. வெளியே இருக்கும் கழிவுநீர்த் தொட்டியின் (சேம்பர்) மூடியைத் திறந்து, தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வெட்டிய இடத்தில் சொரசொரப்பான டைல்ஸ் போட வேண்டியிருக்கும். மொசைக்கோடு சேராது, ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரியும். தெரியட்டும்.

கைப்பிடிக் கம்பி இரண்டு இடத்தில் வேண்டும். கிளாசெட் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. உயரத்தை நான் இஞ்ச் கணக்கில் சொல்வதைவிட, மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்கும்போது கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து அங்கே குறியுங்கள். கதவு உள்பக்கம் திறக்கிறதா? அப்படியென்றால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே விழுந்தவர் கதவின் மேலேயே சாய்ந்து கிடந்து, திறக்க முடியாமல் போன வீடுகள் உண்டு. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கிற வகையாக இருக்கட்டும். இந்த வேலைக்குத் தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே பிளம்பரைக் கூப்பிடுங்கள். மாடி பாத்ரூமைப் பூட்டிவைக்கிற நாள்களில் வீடு முழுக்க இதைத்தான் நம்பியிருக்கும் என்பதால், இது முடிந்த பிறகே மாடிச் சோதனையைத் தொடங்குங்கள்.

மாடி வேலைக்கும் தீபாவளி சரியான நேரமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் உடைத்தால் தளமும் காயாது, கோட்டிங்கும் பிடிக்காது. தை பிறந்ததும் தொடங்குங்கள். பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்பார்கள், மூன்று நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீலிங்கின் பூச்சும் பெயின்டும் கடைசி வேலை. மேலே எல்லாம் முடிந்து, கீழே தளம் நன்றாகக் காய்ந்த பிறகு.

கொட்டேஷனில் 'இரண்டு பாத்ரூம் ஃபுல் ரெனோவேஷன், லம்சம்' என்று ஒரே வரி இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உடைத்து அள்ளிப் போடுவது, குழாய், வாட்டர் புரூஃபிங், நிரப்புவது, டைல்ஸ், ஃபிட்டிங்ஸ் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வாட்டர் புரூஃபிங் வரியில் எந்தப் பொருள், எத்தனை கோட்டிங், சுவரில் எவ்வளவு உயரம், 48 மணி நேரச் சோதனை உண்டா இல்லையா என்று இருக்க வேண்டும். அந்த வரிக்கு அவர் என்ன எழுதுகிறார் என்பதை வைத்தே அவரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பென்சில் கோடு இரண்டும் தெரியும்படி சீலிங்கை ஒரு படம், பூச்சைக் கொத்திய இடத்தை ஒரு படம் எடுத்து அனுப்பிவையுங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.